நிலம் யார் வழியில் இறங்கியது? இடைக்கால இங்கிலாந்துக் குடும்பங்களை ஆராய்வோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

லண்டனின் கியூ பகுதியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தின் வாசிப்பறையில் பேனாவுக்கு அனுமதி இல்லை, பென்சில் மட்டுமே. சென்ற மாதம் என் பக்கத்து மேசையில் இருந்த இளைஞர் ஒருவர் அந்தப் பென்சிலால் ஒரு வம்சக்கொடியை வரைந்துகொண்டிருந்தார். மேலே ஒரு பெயர், கீழே ஒரு பெயர், தந்தை மகன் என்று இரண்டையும் இணைக்க ஒரு நேர்கோடு. அந்தக் கோட்டுக்கு என்ன ஆதாரம் என்று கேட்டேன். முன்னவர் வைத்திருந்த மேனர் என்னும் நிலவுடைமையைப் பின்னவர் அடுத்து வைத்திருந்தார் என்பதைத் தவிர அவரிடம் வேறொன்றும் இல்லை. இருபது ஆண்டுகளுக்கு முன்பு இதே கோட்டை நானும் வரைந்தவன் என்பதால் சிரிக்க முடியவில்லை.

ஒரே குடும்பப் பெயர் நான்கு விதமாக எழுதப்பட்டிருக்கும் என்பதையும், 1538-க்கு முன்பு திருச்சபைப் பதிவேடுகளில் திருமணத்தைத் தேடிப் பயனில்லை என்பதையும் முதல் வாரத்திலேயே எவரும் கற்றுக்கொள்வார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

நிலத்தை வைத்திருந்தவரையே அதன் பரம்பரை உரிமையாளராகக் கொள்வது

மேனர் என்பது வெறும் பண்ணை வீடு அன்று. நிலம், குடியானவர்கள் செலுத்தும் வாரமும் வேலையும், மேனர் நீதிமன்ற வருமானம் ஆகியவை சேர்ந்த ஓர் உரிமைத் தொகுதி. அதை ஒருவர் தம் பிறப்புரிமையால் வைத்திருக்கலாம். மனைவியின் உரிமையால் வைத்திருக்கலாம். சிறுவன் ஒருவனின் காப்பாளராகவோ, தம் ஆயுள் உள்ளவரை மட்டுமோ வைத்திருக்கலாம். வரிப் பட்டியலில் இவர்கள் அனைவரும் ஒரே மாதிரியாகத்தான் தெரிவார்கள்.

வில்ட்ஷைரில் உள்ள காசில் கூம் மேனரை எடுத்துக்கொள்வோம். அதை வைத்திருந்தவர்களின் குடும்பப் பெயர்களை மட்டும் வரிசையாக எழுதினால் டிப்டாஃப்ட், ஸ்க்ரூப், ஃபாஸ்டால்ஃப், மீண்டும் ஸ்க்ரூப் என்று வரும். இதைப் பார்க்கும் புதியவர், மேனர் மூன்று முறை விலைக்குக் கைமாறியது என்று முடிவு செய்வார். இல்லையெனில் கடைசி ஸ்க்ரூப்பை ஃபாஸ்டால்ஃபின் மகனாகவோ மருமகனாகவோ ஆக்கிவிடுவார். உண்மையில் அங்கே விற்பனையே நடக்கவில்லை.

1372-இல் ராபர்ட் டிப்டாஃப்ட் பிரபு ஆண் வாரிசு இன்றி இறந்தார். அவருக்கு மூன்று மகள்கள். மூத்த மகனுக்கே எல்லாம் என்ற இங்கிலாந்து வழக்கம் மகள்களுக்குப் பொருந்தாது; மகன் இல்லாத இடத்தில் மகள்கள் அனைவருக்கும் சமபங்கு. அச்சிறுமிகளின் காப்புரிமையை, அதாவது அவர்களுக்குக் காப்பாளராக இருக்கும் உரிமையை, பெற்ற ரிச்சர்ட் ஸ்க்ரூப் பிரபு, அவர்களில் இருவரைத் தம் மகன்களுக்கே மணமுடித்து வைத்தார். (காப்புரிமையோடு திருமணத்தை முடிவு செய்யும் உரிமையும் சேர்ந்தே விலைபேசப்பட்ட காலம் அது.) அவ்வாறு மிலிசென்ட்டை மணந்த ஸ்டீபன் ஸ்க்ரூப் காசில் கூமை மனைவியின் உரிமையில் வைத்திருந்து 1408-இல் இறந்தார். அடுத்த ஜனவரியிலேயே மிலிசென்ட், அயர்லாந்தில் பணியிலிருந்த ஜான் ஃபாஸ்டால்ஃபை மணந்தார். ஃபாஸ்டால்ஃப் தம் ஆயுள் முழுவதும் அந்த நிலங்களை அனுபவிக்கும்படி ஏற்பாடு செய்யப்பட்டது. மிலிசென்ட் 1446-இல் இறந்த பிறகும் அவர் நிலத்தை விடவில்லை. 1459 நவம்பரில் ஃபாஸ்டால்ஃப் இறந்த பின்னரே, முதல் கணவர் வழிப் பிறந்த மகன், தந்தையின் பெயரையே கொண்ட ஸ்டீபன் ஸ்க்ரூப், தம் தாயின் நிலத்தைக் கண்ணால் கண்டார். அப்போது அவருக்கு அறுபது வயது கடந்திருந்தது. சிறுவயதில் தம் காப்புரிமையை விற்றுப் பின்னர் திரும்ப வாங்கிய மாற்றாந்தந்தை தம்மை ஒரு மிருகத்தைப் போல விற்று வாங்கினார் என்று அவர் மனம் கசந்து எழுதிவைத்தார்.

ஆக, மூன்று குடும்பப் பெயர்களுக்குப் பின்னால் இருப்பது ஒரே வழி: ராபர்ட், அவர் மகள் மிலிசென்ட், அவள் மகன் ஸ்டீபன். ஃபாஸ்டால்ஃபின் அரை நூற்றாண்டு அந்த வழியின் மேல் விழுந்த நிழல் மட்டுமே. அவருக்கு மிலிசென்ட் வழியாகக் குழந்தை பிறந்திருந்தால் தனி ஏற்பாடுகூடத் தேவைப்பட்டிருக்காது. குழந்தை உயிரோடு பிறந்து பிறகு இறந்துபோனாலும், மனைவியின் பரம்பரை நிலத்தைக் கணவன் தன் ஆயுள் உள்ளவரை வைத்திருக்கச் சட்டமே இடம் தந்தது. அதற்குக் கர்ட்டஸி என்று பெயர்.

என் கதையும் ஏறத்தாழ இதுவே. சிறிய குடும்பம் ஒன்றின் ஆய்வை என்னிடம் ஒப்படைத்திருந்தார்கள். தாமஸ் வைத்திருந்த மேனர் ரிச்சர்டுக்குப் போயிருந்ததைப் பார்த்ததும் ரிச்சர்டைத் தாமஸின் மகனாக்கி, தாமஸின் முன்னோர்களை ஆறு தலைமுறைக்குத் தேடி, லத்தீன் ஆவணங்களைப் படித்துத் தர ஒருவருக்குப் பணமும் கொடுத்தேன். ஐந்து மாதம் கழித்து, தாமஸின் மனைவி இறந்தபோது நடந்த விசாரணையின் ஆவணம் கைக்கு வந்தது. அதில் ரிச்சர்ட் அவளுடைய முந்தைய கணவரின் மகன் என்று ஒரே வரியில் இருந்தது. ஆறு தலைமுறை முன்னோர்களையும் அடித்துவிட்டு, வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். இன்றும் அந்தக் கோட்டை யாராவது வரைவதைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வருகிறது. அவர்மேல் அன்று, முதலில் கணவனின் ஆவணத்தை மட்டும் தேடி மனைவியின் ஆவணத்தைத் தேடாமல் விட்ட என்மேல்.

நான் குறிப்பிடும் ஆவணத்தின் பெயர் இன்க்விசிஷன் போஸ்ட் மார்ட்டம். பெயரைப் பார்த்து மிரள வேண்டாம். இங்கே அறுத்துப் பார்ப்பது உடலை அன்று, நிலத்தை. அரசரிடமிருந்து நேரடியாக நிலம் பெற்றவர் இறந்ததும், எஸ்சீட்டர் என்னும் அரச அதிகாரி உள்ளூர் ஜூரியைக் கூட்டி, இறந்தவர் என்ன நிலத்தை எந்த உரிமையில் வைத்திருந்தார், அடுத்த வாரிசு யார், அவர் வயது என்ன என்று கேட்டுப் பதிவு செய்வார். ‘எந்த உரிமையில்’ என்ற அந்த வரிதான் உயிர்நாடி. அதைத் தாண்டிக் குதித்து வாரிசின் பெயரை மட்டும் குறித்துக்கொள்பவர்களே பெரும்பாலோர்.

கணவனுக்குப் பின் உயிரோடிருந்த மனைவியை வாரிசின் தாய் என்று எழுதுவது

பிரசவத்தில் பெண்கள் இறப்பதும் ஆண்கள் மறுமணம் செய்வதும் வழக்கமாக இருந்த காலத்தில், கடைசி மனைவி முதல் மனைவியாகவும் இருந்தார் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. இங்கும் நிலமே துப்புத் தரும். தாயின் பரம்பரை நிலம் அவள் பெற்ற பிள்ளைகளுக்குத்தான் போகும். கணவனின் வேறு மனைவி பெற்ற பிள்ளைக்கு அதில் பங்கில்லை. இன்னொன்றையும் கவனியுங்கள். தந்தை ஒருவராக இருந்தும் தாய் வேறாக இருந்தால், ஓர் உடன்பிறப்பின் நிலம் மற்றவருக்கு இறங்காது என்ற விதி 1833 வரை நீடித்தது. ஆகவே நிலத்தை ஏற்று அனுபவித்த ஒருவர் பிள்ளையின்றி இறக்க, தம்பி உயிரோடிருக்கும்போதே நிலம் அக்காவுக்குப் போயிருந்தால், ஆவணம் சொல்லாவிட்டாலும் இரண்டு தாய்மார்களைச் சந்தேகிக்கலாம்.

கைம்பெண்ணைக் கணக்கில் சேர்க்காமல் விடுவது

கணவனின் நிலத்தில் மூன்றில் ஒரு பங்கு விதவைக்கு ஆயுள் உரிமை. திருமணத்தின்போது கூட்டாக எழுதிவைத்தது வேறு. நார்ஃபோக்கின் நீதிபதி வில்லியம் பேஸ்டன் 1444-இல் இறந்தார். அவர் மனைவி ஆக்னஸ் 1479 வரை வாழ்ந்தார். முப்பத்தைந்து ஆண்டுகள் ஆக்ஸ்நீட் முதலான நிலங்கள் அவர் கையில் இருந்தன. அவருடைய மருமகள் மார்கரெட் மாட்பி, தந்தையின் ஒரே வாரிசாக வந்தவர், தம் மூத்த மகன் இறந்து ஐந்தாண்டுகள் கழித்து 1484-இல் இறந்தார். அந்த மூத்த மகன் குடும்பத் தலைவராக இருந்த காலம் ஏறத்தாழ முழுவதும் பாட்டியும் தாயும் ஆளுக்கொரு பகுதியை வைத்திருந்தார்கள். அவர் எப்போதும் பணமுடையில் தவித்ததற்கு இதுவும் ஒரு காரணம். நிலத்தை விற்றுத் தின்றார் என்று அவசரப்பட்டு எழுத வேண்டாம்.

ஒரே பெயர் என்றால் ஒரே ஆள் என்பது

அந்த மூத்த மகன் பெயர் ஜான். தம்பி பெயரும் ஜான். தந்தை பெயரும் ஜான்.

ஃபைன் என்பதை அபராதம் என்று படிப்பது

ஃபீட் ஆஃப் ஃபைன்ஸ் என்ற தொகுப்பில் உள்ளவை அபராத ரசீதுகள் அல்ல. 1195 முதல் நீதிமன்றத்தில் எழுதப்பட்ட இறுதி உடன்படிக்கைகள். ஒரே தோலில் மூன்று படிகள் எழுதி, இரண்டை இரு தரப்பாருக்கும் கொடுத்து, அடிப்பகுதியை நீதிமன்றம் வைத்துக்கொண்டது. ‘வழக்குத் தொடுத்தார்’ என்று அதில் இருப்பதைப் படித்து இரு குடும்பங்களுக்கும் பகை என்று கதை கட்டுகிறார்கள். பெரும்பாலும் அது பேசிவைத்துப் போட்ட வழக்கு. மகளின் திருமணத்துக்காக நிலத்தை எழுதிவைக்கும் வழி. குறிப்பிடப்படும் தொகையையும் விலை என்று நம்ப முடியாது.

நெபோஸ்

லத்தீன் ஆவணங்களில் வரும் இந்த உறவுச்சொல் பேரனையும் குறிக்கலாம், உடன்பிறந்தார் மகனையும் குறிக்கலாம். பெரியப்பாவுக்கும் மாமாவுக்கும் தனிச்சொல் வைத்திருக்கும் நமக்கு இது எரிச்சலூட்டும்.

ஜூரி சொன்ன வயது

‘21-உம் அதற்கு மேலும்’ என்றால் மேஜர் என்று பொருள். ஐம்பதாகவும் இருக்கலாம்.

ஜனவரி, பிப்ரவரி, மார்ச்

அக்கால இங்கிலாந்தில் ஆண்டு மார்ச் 25-இல் பிறந்தது. அதற்கு முன்வரும் நாள்கள் ஆவணத்தில் முந்தைய ஆண்டைச் சேர்ந்தவையாகவே இருக்கும்.

‘நிலம் ஏதும் இல்லை’ என்பதை வறுமை என்று கொள்வது

நம்பிக்கையான நண்பர்கள் சிலர் பெயருக்கு நிலத்தை மாற்றிவைத்து, பலனைத் தாமே அனுபவிப்பது 15-ஆம் நூற்றாண்டில் பரவலான வழக்கம். காப்புரிமை அரசர் கைக்குப் போகாமல் தடுக்க அது உதவியது. ஆகவே ஜூரி ‘இல்லை’ என்றால், உடனே அந்த நண்பர்களின் பெயர்களைத் தேடுங்கள்.

குடும்பமே எழுதிவைத்த வரலாற்றை முதலில் திறப்பது

நார்மன் வெற்றிக் காலம் தொட்டே நற்குடிப் பிறப்பினர் என்று பேஸ்டன் குடும்பம் 1466-இல் அரசரிடமே சான்று பெற்றுவிட்டது. அதே குடும்பத்தைப் பற்றி இன்னொரு குறிப்பும் இருக்கிறது. நீதிபதியின் தந்தை கிளெமென்ட் பாடுபட்டு உழுத குடியானவர். அவருடைய நிலம் மிஞ்சினால் 120 ஏக்கர். சேணம் இல்லாத குதிரையில் தானிய மூட்டையைப் போட்டு, அதன்மேல் அமர்ந்து ஆலைக்குப் போவார். அவர் மனைவி அடிமைக்குடியில் பிறந்தவள். கடன் வாங்கி மகனைப் படிக்கவைத்தார் என்கிறது அது. அதை எழுதியவர் அக்குடும்பத்தின் மேல் வன்மம் கொண்டவர் என்பதில் ஐயமில்லை. ஆகவே மனைவியின் பிறப்பைப் பற்றி அவர் சொன்னதை என் கோப்பில் கேள்விக்குறியோடுதான் வைத்திருக்கிறேன். அரசரின் சான்றுக்கும் அதே கேள்விக்குறி உண்டு. ஆலையையும் ஏக்கரையும் பற்றிச் சொன்னதைத்தான் நிலப் பதிவுகளோடு ஒப்பிடலாம். என் வேலை எப்போதும் அங்கிருந்தே தொடங்குகிறது.