பேண்ட் வந்துவிட்டது, அப்புறம் என்ன சந்தேகம்? உயிரியல் வேலையில் நாம் செய்யும் தவறுகள்

டிஎன்ஏவின் ஒரு துண்டைப் பல மடங்கு நகலெடுக்கும் பிசிஆர் போட்டு, நகல்களை அளவுவாரியாகப் பிரிக்கும் ஜெல் ஓட்டினால், துண்டு இருக்கிறது என்று காட்டும் கோடு, அதாவது பேண்ட், இல்லை. அடுத்த நாள் என்ன செய்வோம்? பிரைமர் (நகலெடுப்பைத் தொடங்கிவைக்கும் சின்ன டிஎன்ஏ துண்டு) ஒட்டும் அனீலிங் வெப்பநிலையை இரண்டு டிகிரி குறைப்போம், மெக்னீசியத்தைக் கொஞ்சம் கூட்டுவோம், நகலெடுக்கும் என்சைமான பாலிமரேஸைப் பக்கத்து மேசையில் புதிதாகக் கடன் வாங்குவோம், போகிற போக்கில் டிஎன்ஏவையும் புதிதாகப் பிரித்தெடுத்துவிடுவோம். பேண்ட் வந்துவிடும். எதனால் வந்தது என்று கேட்டால் தெரியாது. அடுத்த மாதம் அதே பேண்ட் காணாமல் போனால் மறுபடியும் முதலிலிருந்து.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும் என்பது நம் எல்லோருக்கும் மனப்பாடம், அவசரம் வந்தால்தான் மறந்துபோகும். நாலு மாற்றத்தையும் நாலு குழாயில் தனித்தனியாகப் போட்டு ஒரே ஜெல்லில் ஓட்டலாமே, அதற்குக் கூடுதல் நாள் ஆகப்போவதில்லை. அதற்கும் முன்னால், ஏற்கனவே நன்றாக வேலை செய்த ஒரு டிஎன்ஏவைப் போட்டுப் பாருங்கள். அதிலும் பேண்ட் இல்லையென்றால் கோளாறு உங்கள் சாம்பிளில் மட்டும் இல்லை, கலவையையோ மெஷினையோதான் முதலில் பார்க்க வேண்டும். பாதி சந்தேகம் அந்த ஒரு குழாயிலேயே தீர்ந்துவிடும்.

சரி, இது சின்னத் தவறு. பேண்ட் வராதபோதாவது நாம் யோசிக்கிறோம். வந்துவிட்டால் யோசிப்பதே இல்லை, என்னைக் கேட்டால் அதுதான் பெரிய தவறு.

ஆராய்ச்சியில் சேர்ந்த புதிதில் நடந்தது. டிஎன்ஏவே சேர்க்காமல் வெறும் தண்ணீர் விட்ட, எதுவும் வரக் கூடாத லேனில் (ஜெல்லில் ஒரு குழாய்க்கு ஒரு தடம்) மங்கலாக ஒரு பேண்ட். "பிரைமர் டைமர்" என்று நோட்டில் எழுதிவிட்டு நகர்ந்துவிட்டேன். பிரைமர் டைமர் என்பது பிரைமர்கள் ஒன்றோடொன்று ஒட்டி உண்டாகும் சின்னத் துண்டு, ஜெல்லின் அடியில், பெரும்பாலும் நூறு பேஸுக்கும் (டிஎன்ஏ எழுத்துக்கும்) கீழேதான் நிற்கும். என்னுடையது சாம்பிள் பேண்டுக்கு நேர் வரிசையில் நின்றது. கண்ணுக்குத் தெரிந்தது, மனசு ஒத்துக்கொள்ளவில்லை, ஏனென்றால் மற்ற லேன்கள் எல்லாம் நான் ஆசைப்பட்டபடியே வந்திருந்தன. மூன்று வாரம் கழித்து ஆய்வகத்தில் ஒரு அக்கா நோட்டைப் புரட்டிக்கொண்டே "இந்தத் தண்ணி லேன்ல என்ன இது?" என்றார். பிரைமரைக் கரைத்த தண்ணீர்க் குழாயில் டிஎன்ஏ கலந்திருந்தது. மூன்று வார முடிவுகளும் குப்பைக்குப் போயின.

பிடிக்காத முடிவு வந்தால் குறுக்கு விசாரணை செய்கிறோம், பிடித்த முடிவு வந்தால் மாலை போட்டு வரவேற்கிறோம். இது புதியவர்களின் வியாதி மட்டும் இல்லை. ஜெர்மனி, ஆஸ்திரியா, பிரான்ஸ் என்று சுமார் 40 குற்ற இடங்களில் ஒரே பெண்ணின் டிஎன்ஏ கிடைத்தது. கொலையிலும் அவள், சில்லறைத் திருட்டிலும் அவள். பல வருஷம் தேடினார்கள். 2009இல்தான் தெரிந்தது, அப்படி ஒரு குற்றவாளியே இல்லை, மாதிரி எடுக்கும் பஞ்சுக் குச்சியைத் தயாரித்த இடத்தில் வேலை செய்த ஒரு பெண்ணின் டிஎன்ஏ அது. குச்சிகளில் கிருமி நீக்கம் நடந்திருந்தது, ஆனால் கிருமி இல்லை என்றால் டிஎன்ஏ இல்லை என்று அர்த்தமில்லை. செல்களை ஆய்வகத்தில் வளர்க்கும் செல் கல்ச்சரிலும் இதே கதைதான்: வெவ்வேறு திசுக்களிலிருந்து வந்தவை என்று நம்பிய பல செல் வரிசைகள் உண்மையில் ஹீலா என்ற புற்றுநோய் செல்கள் என்று 1966இலேயே மரபியலாளர் ஸ்டான்லி கார்ட்லர் காட்டினார். இன்றும் ஃப்ரீசர் குழாயில் ஒட்டிய லேபிளை மட்டும் நம்பி வேலையைத் தொடங்குகிறவர்கள் இருக்கிறார்கள். செல் யாருடையது என்று டிஎன்ஏ அடையாளத்தை வைத்துச் சொல்லும் எஸ்டிஆர் பரிசோதனை ஒன்று செய்துவிட்டுத் தொடங்குங்கள்.

"வளரவில்லை" என்று எழுதும்போதும் கவனம் வேண்டும். வயிற்றுப்புண்ணுக்குக் காரணம் என்று தான் சொன்ன பாக்டீரியாவை மருத்துவர் பேரி மார்ஷல் தானே குடித்துப் பார்த்த கதையைத்தான் எல்லோரும் சொல்வார்கள். எனக்குப் பிடித்தது அதற்கு முந்தைய கதை. வயிற்றிலிருந்து எடுத்த மாதிரிகளைத் தட்டில் வளர்க்கப் பார்த்தார்கள், இரண்டு நாளில் ஒன்றும் தெரியவில்லை என்றால் தூக்கி எறிந்தார்கள், வழக்கமான நடைமுறை அதுதான். 1982இல் ஈஸ்டர் விடுமுறையில் தட்டுகள் இன்குபேட்டரிலேயே கூடுதல் நாட்கள் கிடந்துவிட்டன, ஹெலிகோபாக்டர் என்ற அந்த பாக்டீரியா வளர்ந்துவிட்டது. அந்தக் கண்டுபிடிப்புக்கு 2005இல் நோபல் பரிசு. முந்தைய தட்டுகள் சொன்னது "இரண்டு நாளில் வளரவில்லை" என்பதை மட்டும்தான், "இரண்டு நாளில்" என்பது எங்கோ உதிர்ந்துபோயிருந்தது.

எண்ணிக்கையில் ஏமாறுவதைப் பற்றி ஒரு வரி: ஒரு எலியின் செல்களை மூன்று குழியில் போட்டால் மூன்று எலி ஆகிவிடாது. மருந்து கொடுக்காத கண்ட்ரோலை எல்லாம் திங்களும் மருந்து கொடுத்ததை எல்லாம் செவ்வாயும் ஓட்டிவிட்டு வித்தியாசம் தெரிகிறது என்று சொன்னால், அது மருந்தால் வந்ததா கிழமையால் வந்ததா என்று யாருக்கும் தெரியாது.

மருந்துத் தொழிற்சாலைக்குப் போனால் இதே தவறு வேறு சட்டை போட்டுக்கொண்டு வரும். பேட்ச் சோதனையில் ஃபெயில், மறுபடி சோதித்தால் பாஸ், சரி முதல் தடவை ஏதோ பைப்பெட் தவறு என்று முடித்துவிடுவார்கள். காரணம் கண்டுபிடிக்காமல் இப்படி முதல் முடிவை ஒதுக்கக் கூடாது என்று அமெரிக்க நீதிமன்றம் 1993இல் பார் லேபரட்டரீஸ் என்ற மருந்து நிறுவனத்தின் வழக்கில் சொன்னது. முதல் தடவையே பாஸ் ஆகியிருந்தால் இரண்டாவது தடவை சோதித்திருப்பீர்களா? மாட்டீர்கள். விசாரணை அறிக்கையில் "பணியாளர் தவறு, மறுபயிற்சி அளிக்கப்பட்டது" என்று எழுதுவதும் எனக்கு ஆகவே ஆகாது. ஒரே நிற மூடி போட்ட இரண்டு பாட்டில்களைப் பக்கத்துப் பக்கத்தில் வைத்தது யார் என்று யாரும் கேட்பதில்லை. எத்தனை பயிற்சி கொடுத்தாலும் அடுத்து வருகிறவரும் அதையேதான் மாற்றி எடுப்பார்.

இன்டர்வியூவில் "விமர்சனச் சிந்தனை என் பலம்" என்று சொல்லாதீர்கள், காகிதத்தில் எல்லோரும் எழுதியிருப்பதுதான் அது. சொதப்பிய ஒரு வேலையைச் சொல்லுங்கள், எதையெதைச் சந்தேகப்பட்டீர்கள், எந்த வரிசையில், ஒவ்வொன்றையும் எதை வைத்துக் கழித்தீர்கள் என்று. நான் அந்தத் தண்ணீர் லேன் கதையைத்தான் சொன்னேன். எதிரே இருந்தவர் முழுதும் கேட்டுவிட்டு, "அந்தக் குழாயை என்ன செய்தீர்கள்?" என்றார். எறிந்துவிட்டேன் என்றேன், கொஞ்சம் பெருமையாகவே. "வைத்திருந்து அந்த டிஎன்ஏவைச் சீக்வென்ஸ் செய்து எழுத்து வரிசையைப் படித்திருந்தால் எங்கிருந்து வந்தது என்று தெரிந்திருக்குமே" என்றார். அதுவரை எனக்கு அது தோன்றவே இல்லை.