ஸ்மித் அண்டு வெஸ்ஸன் ஒற்றைத் தோட்டா இலக்குக் கைத்துப்பாக்கிகளை இனங்காணும் முறை

துப்பாக்கி காலியாக உள்ளதா என்பதை முதலில் உறுதிசெய்துகொண்டு, சட்டகத்தின் பக்கவாட்டை நல்ல வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். அமெரிக்கத் துப்பாக்கி நிறுவனமான ஸ்மித் அண்டு வெஸ்ஸனின் முதல் மாதிரி, அதன் 1891ஆம் ஆண்டு ரிவால்வரின் சட்டகத்திலேயே அமைந்தது என்பதால், தோட்டாக்களைத் தாங்கும் சுழலுருளைக்குப் பின்னால் இருக்க வேண்டிய புடைப்பு, உருளையே இல்லாத இந்தத் துப்பாக்கியிலும் இருபுறமும் காணப்படும். தொடர் எண்ணும் அந்த ரிவால்வர்களின் வரிசையிலேயே வரும். 1905இல் வந்த இரண்டாம் மாதிரியில் அப்புடைப்பு நீக்கப்பட்டு, பக்கங்கள் தட்டையாயின.

1909இல் தொடங்கிய மூன்றாம் மாதிரியை விசையே காட்டிக்கொடுக்கும்: தோட்டாவை வெடிக்கச்செய்யும் சுத்தியலைக் கையால் இழுக்காமல் விசையை மட்டும் அழுத்தியும் இதை இயக்கலாம். இலக்குச் சுடுவோர் அப்படிச் சுடுவது அரிது என்பது வேறு கதை. இதில் சில குழல்களில் தோட்டா அமரும் அறை வழக்கத்தைவிடக் குட்டையாக வெட்டப்பட்டிருப்பதால், குண்டின் முனை, குழலின் உட்சுவரில் வெட்டப்பட்ட சுருள்வரிகளுக்குள்ளேயே பதிந்து நிற்கும். சேகரிப்பாளர்கள் இதை ‘ஒலிம்பிக்’ குழல் என்பார்கள். குழலைத் தாழ்த்தி, வரிகள் எங்கே தொடங்குகின்றன என்று உருப்பெருக்கியால் பார்த்தால் வேறுபாடு புலப்படும்.

1925இல் வந்த ‘ஸ்ட்ரெய்ட் லைன்’ குழப்பம் தராது. அதன் குழல் கீழே மடியாமல் பக்கவாட்டில் திரும்பும்.

பளபளப்பை மட்டும் நம்பி விலை பேசக் கூடாது. மெருகு புதிதாக ஏற்றப்பட்டிருந்தால் முத்திரை எழுத்துகளின் விளிம்பு மழுங்கியிருக்கும்.