மினசோட்டா குளிரில் புல் பிடித்த கதை
அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், மினியாபொலிஸ் நகரில் எங்கள் வீட்டுப் பின்புறத்தில் இரண்டு வசந்தங்களில் விதைத்த புல் அடுத்த ஆண்டுக்கு நிற்கவில்லை. விதைப் பையின் பின்னால் பொடி எழுத்தைப் படித்தபோதுதான் புரிந்தது: பாதிக்கு மேல் ரைகிராஸ் என்ற புல் வகை. ஒரே வாரத்தில் முளைத்துவிடும், ஆனால் கடுங்குளிரை அவ்வளவாகத் தாங்காது. (ஊரில் தானாகப் படரும் அருகம்புல்லும் இங்கே தாங்காது.)

அப்புறம் வெயில் படும் இடத்துக்கு கென்டக்கி புளூகிராஸ், மேப்பிள் மர நிழலுக்கு ஃபைன் ஃபெஸ்க்யூ என்று இரண்டு வகைப் புல் விதைகளைத் தனித்தனியாக வாங்கி, ஆகஸ்ட் கடைசியில் விதைத்தேன். அப்போது மண்ணில் சூடு இருக்கும், களையும் குறைவு. மண்ணைக் கீறி, கால் அங்குலத்துக்கு மேல் புதைக்காமல் தூவி, தினமும் இரண்டு முறை லேசாகத் தண்ணீர் விட்டேன். புளூகிராஸ் முளைக்க மூன்று வாரம் ஆனது. அந்தக் காத்திருப்புதான் கஷ்டம். ஏப்ரலில் பனி உருகியபோது மர நிழலில்கூடப் பச்சை தெரிந்தது.