நமக்குப் பிடிச்ச பேஸ்பால் ப்ளேயர் போயிட்டாரா? ஒரு ஸ்கோர்ஷீட்டும் பென்சிலும் எடுங்க

ஒரு ப்ளேயர் இறந்துட்டார்னு நியூஸ் வந்ததும் கை தானா போனுக்குத்தான் போகும், ஒரு போட்டோ, ரெண்டு கண்ணீர் எமோஜி, ஒரு ஸ்டேட்டஸ், அவ்ளோதான். தப்புன்னு சொல்லல, நானும் அதத்தான் பண்ணிட்டிருந்தேன். ஆனா 2024 அக்டோபர் 22 அன்னைக்கு லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் டீமோட பழைய பிட்சர் (பந்து வீசறவர்) ஃபெர்னாண்டோ வலென்சுவேலா 63 வயசுல போனப்போ எனக்கு அது பத்தல, மனசு ஆறவே இல்ல. அப்புறம் நான் என்னென்ன செஞ்சேன், எது நிஜமாவே ஆறுதலா இருந்துச்சுன்னு இங்க எழுதறேன், உங்க ஹீரோ வேற யாராவது இருந்தாலும் இதே மாதிரி பண்ணலாம்.

முதல்ல, செய்தி உறுதியாகற வரைக்கும் வாயைத் திறக்காதீங்க. டீமோ குடும்பமோ சொல்லட்டும். ஒரு தடவை நான் அவசரப்பட்டு ஒரு வதந்திய ஷேர் பண்ணிட்டேன், அந்த மனுஷன் உயிரோட இருந்தார், அரை மணி நேரத்துல டெலீட் பண்ணாலும் அவர் வீட்டு ஆளுங்க யாராவது அதைப் பாத்திருப்பாங்களோன்னு இன்னைக்கு வரைக்கும் உறுத்துது.

அடுத்தது தான் முக்கியமான வேலை. அவர் ஆடின ஒரே ஒரு மேட்ச எடுத்துக்கோங்க. ஹைலைட்ஸ் வேண்டாம், முழு மேட்ச். வீடியோ கிடைச்சா வீடியோ, ரேடியோ கமென்ட்ரி கிடைச்சா அது, ரெண்டுமே இல்லன்னா ரெட்ரோஷீட் சைட்ல பழைய மேட்ச் ஏகப்பட்டதுக்கு ஒவ்வொரு பேட்டரும் என்ன ஆனாருங்கற விவரம் இலவசமா இருக்கு. காலி ஸ்கோர்ஷீட் ஒண்ணு பிரின்ட் எடுத்து, உக்காந்து கையால ஸ்கோர் எழுதுங்க.

ஸ்கோர் எழுதத் தெரியாதுன்னா பயப்படாதீங்க, பத்து நிமிஷத்துல பழகிடும். ஃபீல்டர்ஸுக்கு நம்பர் இருக்கு: பிட்சர் 1, கேட்சர் 2, ஃபர்ஸ்ட் பேஸ் 3, செகண்ட் பேஸ் 4, தேர்ட் பேஸ் 5, ஷார்ட்ஸ்டாப் 6, அப்புறம் லெஃப்ட், சென்டர், ரைட் ஃபீல்டு வரிசையா 7, 8, 9. பந்து யார் யார் கை மாறி அவுட் ஆச்சோ அந்த நம்பரை வரிசையா எழுதணும், ஷார்ட்ஸ்டாப் எடுத்து ஃபர்ஸ்ட் பேஸுக்கு எறிஞ்சா 6-3. ஸ்ட்ரைக் அவுட்டுக்கு (மூணு ஸ்ட்ரைக் ஆகி பேட்டர் அவுட் ஆறது) இங்கிலீஷ் K எழுத்து, பேட்டர் பேட்ட அசைக்காம பாத்துக்கிட்டே நின்னு அவுட் ஆனா அதே எழுத்த திருப்பிப் போட்டு எழுதுவாங்க. பேனா வேண்டாம், கட்டாயம் அழிச்சு எழுத வேண்டி வரும்.

நான் எடுத்தது 1990 ஜூன் 29 மேட்ச், கார்டினல்ஸ் டீமுக்கு எதிரா ஃபெர்னாண்டோ நோ-ஹிட்டர் போட்டது, அதாவது மேட்ச் முழுக்க ஒரு ஹிட் கூட (பந்த அடிச்சு பத்திரமா பேஸுக்குப் போறது) விடாதது. அதே நாள்ல ஓக்லண்ட் டீமுக்காக டேவ் ஸ்டூவர்ட்டும் ஒண்ணு போட்டிருந்தார். கடைசி இன்னிங், ஒன்பதாவது, ஒரு அவுட் ஆயிடுச்சு, ஃபர்ஸ்ட் பேஸ்ல ஒரு ஆள், பேட்டிங்ல பெட்ரோ குரேரோ, ஒரு காலத்துல டாட்ஜர்ஸ்ல கூடவே ஆடினவர். அவர் அடிச்ச பந்து நேரா பிட்சர் பக்கமா நடுவுல பாயுது, ஃபெர்னாண்டோ க்ளவ்ல லேசா உரசி செகண்ட் பேஸ்ல நின்ன ஹுவான் சாமுவேல் கைக்குப் போகுது, அவர் பேஸ மிதிச்சுட்டு ஃபர்ஸ்ட்டுக்கு எறியறார், டபுள் ப்ளே, ஒரே பந்துல ரெண்டு அவுட், ஆட்டம் முடிஞ்சது. ஷீட்ல அது 1-4-3. அந்த 1 எழுதறப்போ என் கை ஒரு நிமிஷம் நின்னுடுச்சு. க்ளவ்ல உரசலன்னா அந்தப் பந்து சென்டர் ஃபீல்டுக்குப் போய் ஹிட் ஆகியிருக்கும். எத்தனை தடவ அந்த க்ளிப்ப பாத்திருக்கேன், அந்த உரசல் எனக்குத் தோணவே இல்ல, எழுதினப்போதான் தெரிஞ்சுது.

மார்ஜின்ல நம்பருக்கு அடங்காததையும் எழுதுங்க. ஃபெர்னாண்டோ பந்து போடறதுக்கு முன்னாடி கண்ண மேல வானத்துக்குத் தூக்குவாரே, நான் அத எழுதி வெச்சேன். பேட்டர் டோனி க்வின் ரசிகரா இருந்தா அவர் ஹிட் ஒவ்வொண்ணும் எந்தப் பக்கம் போச்சுன்னு கோடு போடுங்க, 5க்கும் 6க்கும் நடுவுல இருக்கற சந்துல அவர் எத்தனை தடவ தட்டி விட்டிருக்கார்னு புரியும், அந்த சந்த 5.5னு அவரே சொல்லுவார். 20 சீசனும் ஒரே டீம், பாட்ரேஸ், 3,141 ஹிட், பேட்டிங் ஆவரேஜ் .338. 2014 ஜூன் 16ல 54 வயசுல உமிழ்நீர் சுரப்பி கேன்சர்ல போனார், வாயில புகையிலை போட்டு மென்னதுதான் காரணம்னு அவரே நம்பினார், சின்னப் பசங்க கூட உக்காந்து பேசறப்போ இதையும் மறைக்காம சொல்லுங்க.

நண்பர்களோட கூடறதா இருந்தா பெரிய ஏற்பாடு எதுவும் தேவையில்ல. 2024 வேர்ல்ட் சீரிஸ் முதல் மேட்ச்ல, ஃபெர்னாண்டோ போய் மூணே நாள், சம்பிரதாயமா முதல் பந்து வீசறதுக்குப் பதிலா அவர் கூட ஆடின ஓரெல் ஹெர்ஷைசரும் ஸ்டீவ் யேகரும் ஒரு பந்த மவுண்ட்ல (பிட்சர் நின்னு வீசற மேடு) அவரோட ஜெர்ஸி நம்பர் 34ன்னு எழுதியிருந்த இடத்துல வெச்சாங்க. நீங்க ஆடற மைதானத்துலயும் அதே மாதிரி ஒரு பந்த மவுண்ட்ல வெச்சு ஒரு நிமிஷம் நின்னுட்டு ஆட்டத்த ஆரம்பிங்க, போதும்.

ஸ்டேடியம் வாசல்லயோ சிலை கிட்டயோ பூ, கடிதம் வைக்கப் போறீங்கன்னா ஒரிஜினல் போட்டோ, பழைய டிக்கெட்லாம் வெக்காதீங்க, காப்பி எடுத்து வையுங்க, மழையில போயிடும், இல்ல க்ளீன் பண்றப்போ போயிடும். மெழுகுவத்தி ஏத்தினா அணைச்சுட்டுத்தான் கிளம்பணும்.

பந்துல ஏதாவது எழுதணும்னா நீல பால்பாயின்ட் பேனா மட்டும்தான். நான் மார்க்கர்ல எழுதி தோல்ல மை ஊறிப் பரவி, ஆசையா எழுதின வரி இப்போ வெறும் கறையா இருக்கு. எழுதினப்புறம் வெயில் படாத இடத்துல வையுங்க.

பணம் குடுக்கணும்னு தோணினா குடும்பமோ டீமோ சொல்ற அறக்கட்டளைக்கு மட்டும் குடுங்க, இந்த மாதிரி நேரத்துல போலியா வசூல் பண்றவங்க கிளம்பிடுவாங்க. காசு இல்லன்னா உடலுழைப்பு. பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் ப்ளேயர் ராபர்ட்டோ க்ளெமென்டேய நினைச்சுக்கோங்க, சரியா 3,000 ஹிட், கடைசி ஹிட் 1972 செப்டம்பர் 30ல, அதே வருஷம் டிசம்பர் 31ல நிகராகுவா பூகம்பத்துல பாதிக்கப்பட்டவங்களுக்கு சாமான் ஏத்திட்டுப் போன விமானம் கடல்ல விழுந்து போனார். வருஷா வருஷம் செப்டம்பர் 15 அவர் பேர்ல கொண்டாடற நாள், அன்னைக்கு அரை நாள் எங்கயாவது போய் கை குடுத்தா அவர் ரசிகர்னு சொல்லிக்க நமக்கு ஒரு தகுதி இருக்கும்.

கடைசியா, வருஷத்துக்கு ஒரு தேதி வெச்சுக்கோங்க, இறந்த நாள விட பிறந்த நாள் நல்லது. ஃபெர்னாண்டோ பிறந்தது நவம்பர் 1, 1960. 2024ல டாட்ஜர்ஸ் வேர்ல்ட் சீரிஸ் ஜெயிச்சு லாஸ் ஏஞ்சலஸ்ல ஊர்வலம் போனது அதே நவம்பர் 1லதான், இருந்திருந்தா அன்னைக்கு 64. அந்த நாள்ல வருஷத்துக்கு ஒரு மேட்ச் எழுதறதுன்னு முடிவு பண்ணியிருக்கேன். அடுத்தது 1981 ஏப்ரல் 9, அன்னைக்குப் பந்து போட இருந்த ஜெர்ரி ராய்ஸுக்கு அடிபட்டு, கடைசி நேரத்துல 20 வயசுப் பையன் ஃபெர்னாண்டோ கையில பந்தக் குடுத்து, அவன் ஆஸ்ட்ரோஸ் டீமுக்கு ஒரு ரன் கூட விடாம 2-0ன்னு முடிச்ச ஓபனிங் டே, சீசனோட முதல் மேட்ச். ஷீட்ல பேட்டிங் ஆர்டர் மட்டும் எழுதி வெச்சுட்டேன், கட்டமெல்லாம் காலியா இருக்கு.