நோயின் பெயரை வெட்டிவிட்டு வாசியுங்கள்

மனநோய் பற்றி மாணவர் எழுதிய குறும்படத் திரைக்கதை கைக்கு வந்தால், நோயின் பெயர் வரும் இடமெல்லாம் முதலில் பென்சிலால் வெட்டிவிடுங்கள். மனச்சோர்வு, ஸ்கிட்ஸோஃப்ரீனியா, கொழும்பில் நாங்கள் வசவாகவே ஆக்கிவிட்ட 'அங்கொடை' (மனநல மருத்துவமனை இருக்கும் ஊர்), எல்லாவற்றையும். அப்புறம் வாசியுங்கள்.

அந்த ஆள் இன்னும் கண்முன் நிற்கிறாரா என்பது இரண்டு மூன்று பக்கத்திலேயே தெரிந்துவிடும். நோயின் பெயரைக் கமெராவால் படம்பிடிக்க முடியாது. மூன்று நாளாகக் கழுவாத தேநீர்க் கோப்பையை, அம்மாவின் அழைப்பு வந்தும் போனை எடுக்காத கையைப் பிடிக்கலாம். பெயரை எடுத்ததும் அலறலும் உடைந்த கண்ணாடியும் மட்டுமே மிஞ்சினால் (அந்தக் கண்ணாடி எத்தனை திரைக்கதைகளில் வந்துவிட்டது!), பாத்திரத்தைத் திரும்ப எழுதச் சொல்லுங்கள்.

ஆவணப்படத்துக்கும், நோயின் பெயரை முதன்முதலாகக் கேட்கும் தருணமே கதையான படத்துக்கும் இது சரிவராது. மருந்தும் அறிகுறியும் சரியா என்பதையும் இது காட்டாது. அதற்கு மனநலத் துறையில் வேலை செய்யும் ஒருவர் வாசிக்க வேண்டும். எழுதியவர் தன் சொந்த வலியையே எழுதியிருக்கிறார் என்று தோன்றினால், மதிப்பீட்டை ஒதுக்கிவைத்துவிட்டு அவரோடு பேசுங்கள். இலங்கையின் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற உதவித் தொலைபேசி இலக்கத்தையும் கொடுங்கள்.