மலைச் சுற்றுலாக் கையேட்டுக்கு இபப் கோப்பு

கொடைக்கானலிலோ குன்னூரிலோ விடுதி நடத்துபவர்கள், விருந்தினருக்குக் கைப்பேசியில் அனுப்பும் கையேட்டை பிடிஎஃப் ஆக இல்லாமல் இபப் (EPUB) என்னும் மின்னூல் கோப்பாகத் தயாரியுங்கள்.

பிடிஎஃப் தாளுக்காகப் பிறந்தது. சிறிய திரையில் ஒவ்வொரு பத்தியையும் பெரிதாக்கி இடவலமாக இழுத்துப் படிக்க வேண்டும். உள்ளே வைத்த ஒலியும் காணொளியும் பல செயலிகளில் ஓடுவதே இல்லை. இபப் என்பதோ இணையப் பக்கங்களை ஒரே கோப்பாகச் சுருக்கி அடைத்த ஜிப் (ZIP) பொதி. எழுத்து திரைக்கேற்ப மடங்கும், பொருளடக்கத்தைத் தொட்டால் அந்த இடத்துக்கே போகும். எல்லாம் கோப்புக்குள்ளேயே இருப்பதால், மலைப்பாதையில் சிக்னல் போனாலும் படிக்கலாம். ஐபோனில் நேரடியாகத் திறக்கும். ஆண்ட்ராய்டில் வாசிப்புச் செயலி தேவைப்படலாம், அதை முன்பே சொல்லிவிடுவது நல்லது.

அச்சிட்டு நிரப்பும் படிவத்துக்கும், அளவு மாறக் கூடாத நடைபாதை வரைபடத்துக்கும் பிடிஎஃப்தான் சரி. வினாடி வினா, கட்டணக் கணக்கீடு போன்றவற்றை இபப்பில் வைக்காதீர்கள். பல வாசிப்புச் செயலிகள் நிரல்களை இயக்குவதில்லை. அவற்றுக்கு இணையப் பக்கமே போடுங்கள்.