நீளக் கம்பி ஏரியலுக்கு எர்த்தும் இடிகாப்பும்

மழைக்கு முன்னால் காற்று வீசும்போது, ரேடியோ ரிசீவரிலிருந்து கழற்றிப் போட்ட ஏரியல் கேபிளின் பிளக்கைக் கவனித்திருக்கிறேன். நடு ஊசிக்கும் வெளி வளையத்துக்கும் இடையே டிக், டிக் என்று சின்ன நீலப் பொறி தாவும். அக்கம்பக்கத்தில் இடியே விழுந்திருக்காது. நீளக் கம்பியில் சேர்ந்த நிலைமின்சாரம் அது. ரிசீவரின் முகப்பு டிரான்சிஸ்டர் கெட்டுப்போக இதுவே போதும்.

இதைச் சமாளிப்பது சுலபம். கம்பிக்கும் எர்த்துக்கும் நடுவே ஒரு 100 கிலோ ஓம் ரெசிஸ்டர் போட்டால் மின்னூட்டம் சேரச் சேர வடிந்துவிடும், சிக்னலும் குறையாது. கம்பியைக் கேபிளுக்குப் பொருத்தும் 9:1 டிரான்ஸ்ஃபார்மர் போட்டிருந்து, கம்பியோடு சேர்ந்த அதன் சுருள் எர்த்தில் முடிகிறது என்றால் ரெசிஸ்டரே வேண்டாம்.

பக்கத்தில் விழும் இடிக்கு இது பத்தாது. கேபிள் வீட்டுக்குள் நுழையும் இடத்தில், வெளிச்சுவரிலேயே கேஸ் டிஸ்சார்ஜ் ட்யூப் (வோல்ட் எகிறினால் மின்சாரத்தை எர்த்துக்குத் திருப்பும் வாயுக் குழல்) உள்ள அரெஸ்டர், அதாவது இடிகாப்பு, வையுங்கள். கேட்பதற்கு மட்டுமான ஏரியலுக்கு 90 வோல்ட் ட்யூப் சரி. அரெஸ்டருக்கு நேர் கீழே, மண்ணில் அடித்து இறக்கிய 2.4 மீட்டர் எர்த் ராடு. இரண்டுக்கும் நடுவே தடித்த கம்பி, குட்டையாக, நேராக. ஒரு மீட்டர் கம்பிக்குச் சுமார் 1 மைக்ரோஹென்றி இண்டக்டன்ஸ் (மின்னோட்டம் சட்டென மாறுவதை எதிர்க்கும் குணம்) உண்டு. மைக்ரோவினாடிக்கு 10 கிலோஆம்பியர் ஏறினால் அந்த ஒரு மீட்டரில் மட்டும் 10,000 வோல்ட் நிற்கும். சுற்றி வளைத்து இழுத்த எர்த் பெயருக்குத்தான் எர்த். ஈயப் பற்று உருகிவிடும், கிளாம்ப் போட்டு இறுக்குங்கள்.

அப்புறம், நான் விடாமல் சொல்வது ஒன்று: ஏரியல் ராடையும் வீட்டு மெயின் எர்த்தையும் தனித்தனியாக விடாதீர்கள். இரைச்சல் ஏறும் என்று பயந்து பலர் பிரித்தே வைக்கிறார்கள். இடி விழும் கணத்தில் இரண்டு எர்த்துக்கும் இடையே ஆயிரக்கணக்கான வோல்ட் வித்தியாசம் வரும். அந்த மின்னோட்டம் உங்கள் ரிசீவர் வழியாகத்தான் ஒன்றிலிருந்து மற்றதற்குப் போகும். 16 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியால் வீட்டுக்கு வெளியே இரண்டையும் இணையுங்கள். மெயின் பாக்ஸ் பக்கத்து வேலையை எலக்ட்ரீஷியன் செய்யட்டும். இரைச்சலுக்குக் கேபிளில் ஃபெரைட் சோக் (கேபிளின் வெளிப்புறமாக வரும் இரைச்சலைத் தடுக்கும் காந்தப் பொருள் வளையம்) போடுங்கள். கேஸ் குழாயை எர்த்தாக எடுக்கவே கூடாது.

கம்பி மேலேயே இடி விழுந்தால் இவற்றில் எதையும் நம்ப முடியாது. அதனால் மேகம் கூடும்போதே வெளியில் கேபிளைக் கழற்றி, இருவழி நைஃப் சுவிட்சால் (கத்தி போன்ற தகட்டை இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ தள்ளும் சுவிட்ச்) கம்பியை எர்த்தில் தள்ளிவிடுவேன். இடிச் சத்தம் கேட்ட பிறகு கம்பியையோ சுவிட்சையோ தொட மாட்டேன். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் போன பிறகுதான் திரும்ப மாட்டுவேன்.